நோட்டில் ஏறாத கூலி

எங்கள் வீட்டில் விவசாயத்துக்கென்று ஒரு வரவு செலவு நோட்டு உண்டு. வெல்லம், பயறு மாவு, டிராக்டர் வாடகை, அறுவடை மிஷின் எல்லாம் தேதி போட்டு ஏறியிருக்கும். வீட்டுக்காரர் கணக்கில் கறார். ஆனால், ஏக்கருக்கு ஜீவாமிர்தம் என்கிற இயற்கை உரக் கரைசல் போட 200 லிட்டர் தண்ணீர் சுமந்து ஊற்றி, 10 கிலோ சாணியைக் கையால் கரைத்து, காலையும் மாலையும் டிரம்மைக் கலக்கிவிட்டது யார் என்று அதில் இருக்காது. கோமியம் பிடிக்க, மாடு எழுந்திருக்கிற நேரம் பார்த்து விடியலிலேயே வாளியோடு நிற்க வேண்டும். படுக்கையில் கிடக்கும் அத்தைக்குத் துணி மாற்றுவதும், பிள்ளைக்குச் சோறு கட்டுவதும் அதே நேரத்தில்தான்.

ரசாயனத்தை விட்டதில் எனக்கு வருத்தமில்லை. மருந்தடித்த வயலில் இறங்கிவிட்டு, கை கால் அரிப்போடு திரும்பிய காலம் மறக்கவில்லை. இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் காட்டிய வழி நல்ல வழிதான். என் வழக்கெல்லாம் கணக்கோடுதான். களைக்கொல்லியை நிறுத்தினால் களை நின்றுவிடுமா? குனிந்து பறிக்க நாங்கள் இருக்கிறோம். கருப்புக் கவுனி நெல்லில் கலப்பு நீக்குவதும், விதைநெல்லைக் காயவைத்து நொச்சி இலை போட்டு வைப்பதும் எங்கள் வேலை. பிறகு மேடையில் "இயற்கை விவசாயத்தில் செலவே இல்லை" என்பார்கள். கூலி கொடுக்காவிட்டால் எந்த விவசாயத்திலும் செலவு குறையும்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். சாணி கரைக்கிற நேரத்தை வீட்டில் சேர்ப்பதா, வயலில் சேர்ப்பதா என்று என்னைக் கேட்டால் எனக்கே குழப்பம்தான்.

2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கிய தமிழக அரசு, அதற்கு உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது. பெண்ணின் உழைப்புக்கு அங்கீகாரம் என்றும் சொன்னது. வரவேற்கிறேன். வயலில் அந்த அங்கீகாரம் எங்கே? 1989-லேயே தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. இன்னும் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பலர் புகுந்த வீட்டில் உழைக்கிறோம். அங்கே பட்டா புருஷன் பெயரில். கடனும் மானியமும் பெரும்பாலும் பட்டாவைப் பார்த்துத்தான் வரும். நிலம் இல்லாவிட்டாலும் பெண் விவசாயிக்குக் கிராமப் பஞ்சாயத்தே சான்று தரலாம் என்று வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தார். அது காலாவதியாகிப்போனது.

அந்தச் சான்றிதழை மாநில அரசாவது கொடுக்கட்டும். இயற்கை அரிசிக்கு விலை வைப்பவர்கள் ஜீவாமிர்தம் கலக்கிய கூலியையும் களையெடுத்த கூலியையும் சேர்த்து வைக்கட்டும். சாயங்கால டிரம்மை ஆண்களே கலக்கலாம். அதற்குச் சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை.