பந்து எறிகிறவனைத் திட்டுவதற்கு முன்



போன வாரம் நம் குடும்ப வாட்ஸப் குழுவில், டல்லாஸில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு செய்தியைப் போட்டிருந்தான். டிலன் சீஸ் என்ற பேஸ்பால் பிட்சருக்கு டொரான்டோ அணி 7 வருடத்துக்கு 210 மில்லியன் டாலர் கொடுத்த செய்தி. நம் கணக்கில் 1,800 கோடிக்கு மேல். கீழே, "மாமா, பந்து எறியிறவனுக்கு இவ்வளவு. நீங்க 34 வருஷம் ஃபிசிக்ஸ் சொல்லிக்குடுத்து என்ன கண்டீங்க? இவனுங்க பேராசைக்கு ஒரு சம்பள உச்சவரம்பு வெச்சாத்தான் அடங்குவானுங்க" என்று எழுதியிருந்தான். அதற்குப் பதினேழு கைதட்டல் பொம்மைகள். அதில் மூன்று பேர் என்னிடம் படித்தவர்கள்.

என்னைச் சாட்சிக்கு இழுத்துவிட்டதால் பதில் சொல்லியாக வேண்டும். குழுவில் எழுதினால் காலை வணக்க ரோஜாக்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால் இங்கே. நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழக்கம்தான்.

எனக்கும் பேஸ்பாலுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். அவள் பையன், 13 வயது, பள்ளி அணியில் பிட்சர். அங்கே போயிருந்த மாதங்களில் அவனோடு உட்கார்ந்து பார்த்துப் பழகியது. இப்போது இங்கிருந்தே விடியற்காலையில் பார்க்கிறேன். உங்கள் அம்மாச்சிகள் சீரியல் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை, உன் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 2025இல் சீஸ் ஆடியது சுமார்தான். 8 வெற்றி, 12 தோல்வி. 9 இன்னிங்ஸுக்கு 4.55 ரன் விட்ட சராசரி. இதற்கா வருடத்துக்கு 30 மில்லியன் என்று யாருக்கும் வயிறு எரியும். ஆனால் இன்னொரு கணக்கைப் பார். 2021 முதல் 2025 வரை ஐந்து வருடமும், ஒரு வருடம் தவறாமல், 32 ஆட்டமோ அதற்கு மேலோ தொடங்கியிருக்கிறார். ஐந்தாம் நாள் வந்தால் மைதானத்தில் நிற்பார். டொரான்டோக்காரர்கள் மதிப்பெண் பட்டியலோடு வருகைப் பதிவேட்டையும் பார்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வகுப்புக்கு ஒழுங்காக வந்ததற்கே ஒரு சோப்பு டப்பா பரிசு கொடுப்போம். அங்கே 210 மில்லியன். ஏன் என்றால், மற்றவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள்.

மிகைப்படுத்தவில்லை. ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2019 உலகத் தொடரின் சிறந்த வீரர். அந்தக் குளிர்காலத்தில் வாஷிங்டன் அணி 245 மில்லியனுக்குக் கையெழுத்து வாங்கியது. அதன் பிறகு அவர் ஆடியது மொத்தம் 8 ஆட்டம். உன் ஊர் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 2022 டிசம்பரில் ஜேக்கப் டிகிராமுக்கு 185 மில்லியன் எழுதிக் கொடுத்தது. முதல் இரண்டு வருடத்தில் 9 ஆட்டம். நடுவில் முழங்கை அறுவை, அதுவும் அவருக்கு இரண்டாவது முறை. (2025இல் 30 ஆட்டம் ஆடி அசத்தினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீ அதைச் சொல்லமாட்டாய்.) கோர்பின் பர்ன்ஸ் 2024 டிசம்பர் கடைசியில் அரிசோனாவில் 210 மில்லியனுக்குச் சேர்ந்தார், 2025 ஜூனில் முழங்கை அறுவை. யாங்கீஸின் கெரிட் கோல், 324 மில்லியன் ஒப்பந்தக்காரர், 2025 மார்ச்சில் அதே அறுவை, அந்த சீசன் முழுக்க இல்லை.

இந்த அறுவைக்கு டாமி ஜான் என்ற பிட்சரின் பெயர். 1974 செப்டம்பர் 25 அன்று டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலது கையிலிருந்து ஒரு நாணை எடுத்து, இடது முழங்கை எலும்பில் துளை போட்டுக் கோத்துக் கட்டினார். முடிந்தது இவன் கதை என்று ஊரே நினைத்தது. டாமி ஜான் திரும்பி வந்து இன்னும் 164 ஆட்டம் ஜெயித்தார். அதே 1974, டிசம்பர் 31 அன்று, கேட்ஃபிஷ் ஹன்டர் என்ற பிட்சர் யாங்கீஸிடம் 5 வருடத்துக்கு 30 லட்சம் டாலருக்கும் மேலான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பழைய முதலாளி ஒப்பந்தப்படி கட்ட வேண்டிய தொகையைக் கட்டாததால் நடுவர் அவரை விடுவித்திருந்தார். அதுவரை ஒரு வீரர் தன் அணிக்கு ஏறக்குறைய ஆயுள் சொத்து. கர்ட் ஃபிளட் என்பவர் 1969இல் தன்னை வேறு அணிக்கு மாற்றியதை மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1972இல் தோற்றிருந்தார். ஹன்டருக்குத்தான் முதன்முதலாகச் சந்தை திறந்தது. பிட்சரின் கைக்குச் சந்தை விலை வந்ததும், உடைந்த கையை ஒட்டவைக்கும் வழி வந்ததும் மூன்று மாத இடைவெளியில்.

அந்த ஹன்டர் 1975இல் 328 இன்னிங்ஸ் எறிந்தார். தொடங்கிய ஆட்டத்தைத் தானே முடித்தது 30 முறை. 2024இல் மேஜர் லீகின் 30 அணிகளும், அத்தனை பிட்சர்களும் சேர்ந்து, அப்படி முடித்த ஆட்டங்கள் முப்பதைத் தொடவில்லை. உடனே "அந்தக் காலத்து ஆளுங்க மாதிரி வருமா" என்று என் வயதுக்காரர்கள் கிளம்பவேண்டாம். ஹன்டருடைய தோளும் தேய்ந்துபோய் 33 வயதில் ஓய்வு பெற்றார். கை அப்போதும் தேய்ந்தது. இப்போது வேறு காரணத்துக்காகத் தேய்கிறது.

கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் கையை மடக்கி நீட்டக்கூடாது. பேஸ்பாலில் எறிவதே மடக்கிச் சாட்டை போல வீசுவதுதான். அந்த வீச்சில் முழங்கையின் உள்பக்கத் தசைநார் கிழிவதற்குக் கொஞ்சம் முன்னால் வரை இழுபடுகிறது, ஒவ்வொரு பந்துக்கும். 2008இல் மேஜர் லீகில் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் மணிக்கு 91.3 மைல். 2024இல் 94.2. மூன்று சதவீதம்தானே என்று நினைக்கிறவர்கள் என் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை மறந்துவிட்டீர்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். பந்தில் ஏறிய ஆற்றல் ஆறு சதவீதத்துக்கும் மேல். அதுவும் சராசரிக்கு. தசையைப் பயிற்சியால் பெருக்கிக்கொண்டே போகலாம். தசைநார் அந்த வேகத்தில் பலப்படாது. 2010இல் மேஜர், மைனர் லீக் பிட்சர்களில் நூற்றுச் சொச்சம் பேருக்கு நடந்த அந்த முழங்கை அறுவை, 2024இல் 280ஐத் தொட்டது. இது அந்த லீகே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் உள்ளது. துரத்தித் துரத்தி வேகம் தேடுவதுதான் முக்கியக் காரணம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

யார் தேடச் சொன்னது? இங்கேதான் மாப்பிள்ளை, உன் சண்டை வேறு ஆளோடு இருக்கவேண்டும் என்கிறேன். அணி நிர்வாகங்கள் கேமரா வைத்து, கணக்குப் போட்டு, ஒரே பேட்டர் ஒரே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது அடித்துவிடுகிறார் என்று கண்டுபிடித்தார்கள். சரி, ஐந்து இன்னிங்ஸ் போதும், உயிரைக் கொடுத்து எறி, அடுத்தவன் வருவான் என்றார்கள். 26 பேர் அணியில் 13 பேர் பிட்சர். ஒருவன் கை போனால் மைனர் லீகிலிருந்து இன்னொருவன். ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் பலத்தைப் பங்கிட்டு எறிகிற கலைக்கு வேலையே இல்லாமல் செய்தார்கள். கிரெக் மேடக்ஸ் 1997இல் ஒரு முழு ஆட்டத்தை 80க்கும் குறைவான பந்துகளில் முடித்தார். வேகமே இல்லாத மனிதர், 355 வெற்றி. இன்று அவர் 18 வயதில் வந்து நின்றால் வேகமானியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

இப்படி எல்லோர் கையையும் ஒடித்துவிட்டு, ஒடியாமல் மிச்சமிருக்கும் பத்துப் பதினைந்து பேருக்காக ஒவ்வொரு குளிர்காலமும் போட்டி போட்டு விலையேற்றுகிறார்கள். பிறகு பிட்சர் விலை தாங்கமுடியவில்லை என்று அழுகிறார்கள். கிணற்றைத் தூர்த்தவனே தண்ணீர் லாரி வாடகையைப் பற்றிப் புலம்புகிற கதை.

விலை கொடுத்து வாங்கமுடியாதவர்கள் பண்டமாற்று செய்கிறார்கள். 2024 டிசம்பரில் பாஸ்டன், கேரட் குரோஷே என்ற இடக்கைக்காரருக்காக நான்கு இளைஞர்களைச் சிகாகோவுக்குக் கொடுத்தது. அவரும் 2022 முழுக்க அதே அறுவையால் உட்கார்ந்திருந்தவர். பாஸ்டனுக்கு அது பலித்தது. மறுவருடம் 18 வெற்றி. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ், மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியாத யோஷினோபு யமமோட்டோவுக்கு 2023 டிசம்பரில் 12 வருடம், 325 மில்லியன் கொடுத்தபோது நானே சிரித்தேன். 2025 உலகத் தொடரில் அவர் மூன்று ஆட்டம் ஜெயித்தார். ஆறாவது ஆட்டத்தைத் தொடங்கி ஜெயித்துவிட்டு, மறுநாளே ஏழாவது ஆட்டத்தின் முடிவில் வந்து மறுபடி எறிந்தார். நான் காபியை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கைக்கு அந்த இரவு என்ன செலவானது என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது.

இப்போது உச்சவரம்பு விஷயம். வீரர் சங்கத்தோடு உள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. சம்பள உச்சவரம்பு வேண்டும் என்ற குரல் முதலாளிகள் பக்கத்திலிருந்து பலமாக வருகிறது. நீ எழுதியது அவர்கள் பாட்டு, மாப்பிள்ளை. பால் ஸ்கீன்ஸ் என்ற பையனைப் பார். பிட்ஸ்பர்க் அணி. 2025இல் அவர் சராசரி 1.97 ரன், தேசிய லீகின் சிறந்த பிட்சர் விருது. அந்த வருடச் சம்பளம் 8,75,000 டாலர். சேரும்போது ஒரு பெரிய தொகை கொடுத்தார்கள், ஊக்கத்தொகையும் தனியாக உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் சீஸின் புதிய ஒப்பந்தத்தில் ஒரு வருடத்துக்கு வருவதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. காரணம் விதி. முதல் மூன்று வருடம் அணி சொல்வதுதான் சம்பளம், அடுத்த மூன்று வருடம் நடுவர் வழியாகப் பேரம், ஆறு வருட சர்வீஸ் முடிந்த பிறகுதான் விடுதலை. பிட்சரின் கை புதிதாக இருக்கிற ஆறு வருடத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். ஏழாம் வருடம் அவர் கேட்கும் பெரிய தொகையில் அந்த ஆறு வருடத்தின் பாக்கியும் இருக்கிறது. அந்தப் பாக்கிக்கு உச்சவரம்பு போட்டால் மிச்சப் பணம் எனக்கோ என் சக ஆசிரியர்களுக்கோ வராது. டிக்கெட் விலையும் இறங்காது. முதலாளியின் பெட்டிக்குள் போகும்.

என் யோசனை கேட்டால், அணிக்கு 13 பிட்சர் என்பதைப் பத்தாகக் குறையுங்கள். ஆள் குறைந்தால் ஒருவரை ஏழு இன்னிங்ஸ் வைத்து எறியவைக்கத்தான் வேண்டும். ஏழு இன்னிங்ஸ் எறிய வேண்டியவன் ஒவ்வொரு பந்தையும் 98 மைலில் எறியமாட்டான். முதல் வருடத்திலிருந்தே திறமைக்குக் காசு கொடுங்கள். இரண்டும் செய்தால் விலை தானாக ஒழுங்குக்கு வரும். செய்யமாட்டார்கள் என்றும் தெரியும்.

இத்தனை கோபம் எனக்கு ஏன் என்றால், இந்த 30 அணிகளும் எதற்குக் காசு கொடுக்கின்றனவோ அதைத்தான் 13 வயதுப் பையன்களிடம் கீழே இருக்கிறவர்கள் கேட்கிறார்கள். அவன் வயதுக்கு ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் கூடாது என்று வழிகாட்டு விதி இருக்கிறது. பந்துகளை எண்ணுகிறார்கள், நல்லது. ஒவ்வொன்றும் எவ்வளவு வேகம் என்பதற்கு வரம்பு யாரும் வைக்கவில்லை. போன மாதம் பேரனை ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆறு வாரத்தில் ஐந்து மைல் கூட்டித் தருவதாக வாக்குறுதி. கட்டணம் என் கடைசி மாதச் சம்பளத்தைவிட அதிகம். சுவரில் ஒரு பலகையாம், ஒவ்வொரு பையன் பெயருக்கு நேரே அவன் எறிந்த அதிகபட்ச வேகம். நானும் சென்டம் வாங்கியவர்கள் பெயரைப் பலகையில் எழுதிய வாத்தியார்தான், அதனால் அந்தப் பலகை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

வீடியோவில் பேசும்போதெல்லாம், "தாத்தா, எந்த ஆங்கிள்ல விட்டா இன்னும் ரெண்டு மைல் கூடும்?" என்று கேட்கிறான். எனக்கு விடை தெரிந்த கேள்விதான். சொல்லவில்லை. கை வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். கேள்வி முடிவதற்கு முன்பே இல்லை என்றான்.

எலும்பு டாக்டர்களாக இருக்கும் என் மாணவர்கள், முக்கியமாக 1991 பத்தாம் வகுப்பு பி பிரிவு, அந்த வயதில் முழங்கையை எப்போது படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று கீழே எழுதுங்கள். மகள் படிப்பாள்.

மாப்பிள்ளை, உன் சின்னவனுக்கும் வருகிற ஜூனில் பதினொன்று முடிகிறது. கோடைக்கு அவனையும் ஏதோ வேகப் பயிற்சி முகாமில் சேர்த்திருப்பதாக அக்கா சொன்னாள். பணம் கட்டியாகிவிட்டதா?