இனாம் கோப்பை!

தோழரே! முடிதிருத்தும் நிலையத்திலே நுழைகிறீர். நாற்காலி காத்திருக்கிறது, கண்ணாடி பளபளக்கிறது, கத்தரிக்கோல் தாளமிடுகிறது. அத்தோடு, கையிலே ஒரு கோப்பைத் திராட்சை மது! “காசு வேண்டாம் ஐயா, இனாம்!” என்கிறார் கடைக்காரர். கனவல்ல இது, கலிபோர்னியாவிலே சட்டம் தந்துள்ள சலுகை!

மது விற்க உரிமம் வேண்டும் என்பது அங்கே பொதுவிதி. 1933-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தபோது, கட்டுப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் சேர்ந்தது. கலிபோர்னியா கட்டிய வேலியிலே 2016-ல் ஒரு திட்டிவாசல் திறந்தனர். 2017 ஜனவரி முதல் முடிதிருத்தகமும் அழகு நிலையமும் மது உரிமமின்றியே கோப்பை நீட்டலாம்!

வரம்பு உண்டு. பீர் எனில் 12 அவுன்ஸ், திராட்சை மது எனில் 6 அவுன்ஸ், அதற்குமேல் ஆகாது. இரவு 10 மணிக்குப் பின் கூடாது. 21 வயது நிரம்பாதோர்க்கு இல்லை. தனிக் கட்டணம் ஒரு காசும் பெறலாகாது. நிலையத்தின் தொழில் உரிமம் பழுதின்றி இருந்திடல் வேண்டும்.

நல்ல வேலிதானே என்பீர். மறுக்கவில்லை. ஆயினும் கேட்கிறேன்: தனிக் கட்டணம் இல்லை, சரி, முடிவெட்டும் கூலியிலேயே கோப்பையின் விலையைக் கரைத்துவிட்டால்? குடிப்பவன் கோப்பைக்குக் குடிக்காதவன் அன்றோ கப்பம் கட்டுகிறான்!

மதுக்கடைக்காரரோ உரிமக் கட்டணம் செலுத்துகிறார். மது விற்பனையோடு இலவசப் பொருள் இணைத்துத் தரலாகாது என்று அவருக்குத் தடையும் உண்டு. உரிமம் பெற்றவருக்கு விலங்கு. பெறாதவருக்கு விருந்தோம்பும் உரிமை! விந்தையான நீதி!

கோப்பையை நீட்டும் கை எவருடையது? பெரும்பாலும், நாளெல்லாம் நின்று உழைக்கும் தொழிலாளியின் கை. வயதைக் கேட்கவேண்டியவர் அவர். “இன்னும் ஒன்று” என்று அதட்டுவோரிடம் “ஆகாது” என்று கூறவேண்டியவரும் அவரே. வாடிக்கையாளர் சினந்து எழுந்தால், பறிபோவது அவருக்குக் கிடைக்கும் அன்பளிப்புக் காசு!

பழங்கதை ஒன்று உண்டு. மதுவிலக்குக்கு முன்னர், அமெரிக்க மதுக்கடைகளிலே பகலுணவு இனாம்! உப்பு மிகுந்த உணவு, உண்டால் தாகம், தாகத்திற்கு மது. அன்று உணவைக் காட்டி மது விற்றனர். இன்று மதுவைக் காட்டி முடி வெட்டுகின்றனர். பண்டம் மாறிற்று, தூண்டில் மாறவில்லை.

திட்டிவாசலை அடைத்திடுக என்று கூறவில்லை. அளவு, நேரம், வயது, கட்டணம் எனும் நான்கு தாழ்களில் ஒன்றும் தளரலாகாது என்கிறேன். நாளை மற்றொரு வணிகர் வந்து, “எமக்கும் திற” என்று தட்டினால், இலாபம் எவருக்கு, பொறுப்பு எவருக்கு என்று கேட்ட பின்னரே தாழ் நீக்குதல் வேண்டும்.

இனாம் என்ற சொல் எங்கு ஒலித்தாலும், தோழரே, விலை எவர் தலையில் என்று கேளீர்!