குதிரை கிடக்கட்டும், பத்திரம் எங்கே?

ஜெய்சங்கர் தொப்பி மாட்டிக் குதிரையேறிய படங்களைக் கிண்டலடிப்பது சுலபம். 2010-ல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' என்று முழுப்படமே எடுத்தார். ஆனாலும் கர்ணனின் 'காலம் வெல்லும்' (1970) படத்தில் பண்ணையாரைப் பழிவாங்கக் கொள்ளைக்காரனாகும் விவசாயி அசல் நம்மூர் ஆள்தான்.

ஹாலிவுட்டின் சின்ன பட்ஜெட் கௌபாய் படங்களில் வில்லன் பாதி நேரம் அடமானப் பத்திரத்தோடு வருவான். தவணை கட்டவிடாமல் மாட்டை ஓட்டிவிட்டுப் பண்ணையைச் சுருட்டுவான். நம்மவர்கள் சவுக்கையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் அந்தப் பத்திரத்தைக் கோட்டைவிட்டார்கள்.

செட்டியார்பட்டிப் பக்கம் தோட்டம் துரவு வைத்திருப்பவரைக் கேளுங்களேன்... பயம் துப்பாக்கிக்கா, வில்லங்கச் சான்றிதழுக்கா? போலி ஆவணம், ஆள்மாறாட்டம் என்று புகார்கள் குவிந்துதான் 2011-ல் தமிழகக் காவல்துறையில் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவே வந்தது. கர்ணன் மாதிரி ஒருவருக்கு அதில் நாலு படத்துக்குக் கதை கிடைக்கும். சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் குதிரை கட்டத்தான் இடமிருக்காது!