பேர் போட்டவர்களின் பேரே பிழையானால்

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் உழைப்பு. கொழுந்து நிறை சரியாக இருந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். வரவுப் பதிவேடான செக்ரோலில் ஒரு பேர் விடுபட்டால் கணக்கப்பிள்ளையிடம் போய் நின்று கேட்டுவிடுவார்கள் நம் பெண்கள். அப்படி முப்பது, நாற்பது வருஷம் பேர் போட்டவர்கள், வேலையை விட்டு நின்ற பிறகு, சொந்தப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதால் ஊழியர் சேமலாப நிதியை எடுக்க முடியாமல் அலைகிறார்கள்.

அவர்கள் கையில் இருப்பது அந்த நிதியின் அங்கத்துவ அட்டையான ‘பி அட்டை’. பொலித்தீன் பையில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் காப்பாற்றி வைத்த அட்டை. ஒருத்திக்கு அதில் லெச்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி, பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி. மூன்றையும் எழுதியது அவள் அல்ல. தோட்ட ஆஸ்பத்திரியில் ஒருவர், தோட்ட ஒபீஸில் ஒருவர், பிரதேச செயலகத்தில் ஒருவர் தத்தம் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். கொழுந்துக் கறை ஏறிய பெருவிரலை அவள் வைத்தாள், அவ்வளவுதான். ஆனால் பிழையைத் திருத்தும் செலவும் அலைச்சலும் மட்டும் அவள் தலையில்.

மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து ஹட்டன் தொழில் காரியாலயத்துக்கு வந்தால், “தோட்டத்துல கடிதம் வாங்கிட்டு வாங்கம்மா.” தோட்டத்துக்குப் போனால், “பெரிய கிளாக்கர் லீவு, அடுத்த கெழமை வாங்க.” கடிதத்தோடு திரும்பினால், இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிக்கச் சொல்கிறார்கள். இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை? துணைக்கு வரும் மகன் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறான். கவுண்டரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அந்தப் பதிலும் பாதிதான் விளங்கும். இத்தனைக்கும், தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் 1988இலேயே தந்துவிட்டது.

சேமலாப நிதி யாரும் போடும் பிச்சை அல்ல. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்கொடுநர் பங்காக 12 வீதமும் மாதாமாதம் சேர்ந்த பணம். தொழில் திணைக்களம் நிர்வகிக்கிறது, மத்திய வங்கி காசை வைத்திருக்கிறது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறியதில் ஒரே ஆளுக்கு இரண்டு அங்கத்துவ இலக்கம் விழுந்திருந்தால், அதையும் அவளே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அரசின் கையிலுள்ள ஜனவசமவிலும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திலும் பணமே கட்டப்படாமல் நிலுவை விழுந்தது தனிக் கொடுமை.

வயதானவர்களுக்கு நாட்கள் எண்ணப்பட்டவை. பணம் கைக்கு வருமுன் கண்ணை மூடியவரின் பிள்ளைகள், அதே பெயர்ச் சிக்கலோடு மரணச் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னும் எத்தனை குடும்பங்கள் இப்படி நிற்கப் போகின்றன?

பிழை எழுதிய தோட்ட நிர்வாகமே தன் செலவில் திருத்திக் கொடுக்க வேண்டும், அதுவும் ஆள் வேலையில் இருக்கும்போதே. தொழில் திணைக்களமும் ஆட்பதிவுத் திணைக்களமும் ஒரே நாளில் தோட்டத்துக்கு வந்து, தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் மேசை போட்டு உட்கார வேண்டும். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த அதிகாரிகளோடு. என்னென்ன பத்திரம் வேண்டும் என்ற முழு விபரமும் முதல் தடவையே எழுத்தில் கையில் தரப்பட வேண்டும். சந்தா வாங்கும் தொழிற்சங்கங்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஓய்வு பெற்றவர்களின் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மட்டும் போதாது. இன்று மலையில் கொழுந்து பறிக்கும் இருபத்தைந்து வயதுப் பெண்ணின் பி அட்டையையும் அடையாள அட்டையையும் இந்த மாதமே அருகருகே வைத்து, எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.