கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள்

சென்னை மெரினாவில் சூரியன் கடலிலிருந்து எழும், மறைவதோ ஊருக்குள். அதனால் அங்கே அந்திப்பொழுதை வாட்டர் கலரில் பிடிக்க நினைப்பவர் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். உழைப்பாளர் சிலைக்குக் கிழக்கே மணலில் அமர்ந்து பார்த்தால், சிலைக்கு அப்பால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் கோபுரங்கள் தெரியும். அது ராபர்ட் சிசோம் வடிவமைத்து 1879-ல் முடிந்த கட்டடம். 1959-ல் வந்த சிலையைச் செய்தவர் ராய் சவுத்ரி; சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வெயில் இறங்கியதும் இரண்டும் நிழலுருவாகிவிடும். படம் போடுகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

நேரம் வேண்டும். அதுதான் கிடைக்காது. சூரியன் மறைந்தபின் இங்கே நல்ல வெளிச்சம் சுமார் 20 நிமிடம்தான். லண்டனில் கோடையில் இதைப்போல இரண்டு மடங்கு கிடைக்கும். அந்த ஊர் டர்னரே வெளியில் பெரும்பாலும் பென்சிலால் குறித்துக்கொண்டு, வண்ணத்தைப் பிறகுதான் தீட்டினார்.

செல்போனில் எடுத்துவந்து வீட்டில் வரையலாமே என்று தோன்றும். வானம் சரியாக விழுந்தால் போட்டோவில் கட்டடம் கரியாகிவிடும். இரண்டையும் சரிக்கட்டும் புது போன்களோ நிழலையே வெளுத்துவிடுகின்றன. அந்த நிழலுக்குள் இருக்கும் ஊதாவும் செங்கல் சிவப்பும் கண்ணுக்குத்தான் தெரியும். மணலில் போய் உட்காருவது அதற்காகத்தான்.

எனவே பென்சில் வேலை வெயில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். முதலில் வானம், ஒரே மூச்சில். சூரியனுக்குத் தனி வண்ணம் கிடையாது. தாளின் வெள்ளைதான் சூரியன். அந்த வட்டத்தை விட்டுவிட்டு, ஈரத்தாளில் வெளிர் மஞ்சள், ஆரஞ்சு என்று வெளியே நகர வேண்டும். மேலே நீலம். மஞ்சளும் நீலமும் தொட்டுக்கொண்டால் வானம் பச்சையாகிவிடும். நடுவில் கொஞ்சம் ரோஸ் விட்டால் தப்பிக்கலாம். காய்ந்தால் வண்ணம் வெளுக்கும், ஆகவே சற்றுத் தூக்கலாகவே போடலாம்.

பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது. கடற்காற்றின் ஈரத்தில் தாள் லேசில் காயாது. பொறுமையிழந்து கோபுரத்தை வைத்தால் அது வானத்துக்குள் கரைந்து ஓடும். படங்கள் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். காய்வதற்குள் வானத்தைத் ‘திருத்த’ப் போவது இன்னும் மோசம்.

கட்டடத்துக்கு டப்பாவில் உள்ள கறுப்பு வேண்டாம், உயிர் இருக்காது. அல்ட்ராமரின் நீலத்தில் பர்ன்ட் சியன்னா கலந்தால் கனமான நிழல் வரும். சூரியனை ஒட்டிய விளிம்பில் சியன்னா தூக்கலாக இருக்கட்டும். காமராஜர் சாலை விளக்குகளுக்கு முதலிலேயே புள்ளி அளவு இடம் விட்டிருக்க வேண்டும்.

குழந்தைகளை அழைத்துப் போனால், சூரியனை நேராக உற்றுப் பார்க்க விடாதீர்கள். ஜூலையில் மறைவு 6.35-ஐ ஒட்டி, நவம்பர் கடைசியில் 5.40-க்கே. எந்த மாதமானாலும் ஒரு மணி நேரம் முன்னதாக மணலில் இருப்பது நல்லது.