கடவுச்சொல் இல்லாத கதவு

பொது நிதியில் உருவான ஆய்வுத் தரவு பொதுமக்களுக்கு உரியது என்பதை நம் பல்கலைக்கழகங்கள் கொள்கையளவில் மறுப்பதில்லை. ஆயினும் ஒரு மாணவர் தரவுத்தளத்தை நேரடியாக வினவ அனுமதி கேட்டால், 'பாதுகாப்பு' என்ற ஒற்றைச் சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த அச்சம் வெறுங்கற்பனை அன்று. 2017 சனவரியில், கடவுச்சொல்லின்றி இணையத்தில் திறந்து கிடந்த பல்லாயிரம் மாங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு, பிட்காயினில் பணம் கேட்கப்பட்டது.

ஆனால், ஐரோப்பாவின் என்செம்பிள், சாண்டா குரூசிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜீனோம் பிரவுசர் ஆகிய இரண்டின் மைஎஸ்கியூஎல் தரவுத்தளங்களுக்கும் கடவுச்சொல் கிடையாது. முன்னதில் 'அனானிமஸ்', பின்னதில் 'ஜீனோம்' என்று பயனர் பெயரை இட்டால் போதும். உலகின் எந்த மாணவரும் வினவலாம். பல ஆண்டுகளாக அவை அவ்வாறே இயங்குகின்றன.

வேறுபாடு கடவுச்சொல்லில் இல்லை. நுழைந்தவருக்கு என்ன உரிமை உண்டு என்பதில் இருக்கிறது. முன்னவற்றில் நுழைந்தவர் அழிக்கவும் முடிந்தது. பின்னவற்றில் விருந்தினர் படிக்க மட்டுமே முடியும்.

இங்கே நுட்பமான ஒரு பிழை நேர்வதுண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ஒரு கணக்கிற்குப் 'படிக்க மட்டும்' என்ற இயல்புநிலையை அமைத்துவிட்டு நிம்மதி அடைவோர் உளர். அவ்வமைப்பை அந்தப் பயனரே தம் அமர்வில் மாற்றிக்கொள்ள இயலும். வினவலுக்கான கால வரம்பும் அத்தகையதே. மேலும், 2022இல் வெளியான 15ஆம் பதிப்புக்கு முன்பு, 'பப்ளிக்' ஸ்கீமாவில் எவரும் அட்டவணை உருவாக்கும் உரிமை இயல்பாகவே இருந்தது. பழைய தரவுத்தளத்தை மேம்படுத்தினாலும் அவ்வுரிமை தொடரும். அமைப்பு வேறு, உரிமை வேறு.

ஆகவே, மூலத் தரவுத்தளத்தை உள்வலையில் வைத்து, எழுத இயலாத நகல் ஒன்றை மட்டும் வெளியே நிறுத்துவதே முறை. அந்நகலில் வெளியிடத் தக்க அட்டவணைகள் மட்டும் இருக்க வேண்டும். விருந்தினருக்கு அவற்றைப் படிக்கும் உரிமை மட்டும் போதும். இணைப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். நீண்டு ஓடும் வினவல்களை வழங்கியே நிறுத்த வேண்டும். நகல் சிதைந்தால் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம், மூலம் தீண்டப்படுவதில்லை.

தனிமனிதரின் மரபணு, நோய்க் குறிப்பு போன்றவை இந்த வாயிலுக்கு உரியவை அல்ல. அவற்றுக்கு விண்ணப்பமும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இன்றியமையாதவை. ஆனால் மழை அளவுக்கும் பயிர் வகைக்கும் கல்வெட்டு அட்டவணைக்கும் அதே பூட்டு எதற்கு?

பெரிய நிறுவனத்து ஆய்வாளருக்குப் பரிந்துரைக் கடிதம் எளிதில் கிடைக்கும். சிற்றூர்க் கல்லூரி மாணவருக்குக் கிடைக்காது. பூட்டிய கதவு திருடரை மட்டும் தடுப்பதில்லை.