பேஸ் மாடலில் பயணிப்போரின் உயிர்

பயணிகள் கார்களில் ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜனவரியில் வரைவு அறிவிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அமலுக்கு வந்திருக்க வேண்டிய விதி ஓராண்டு தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில், கட்டாயமாக்கும் எண்ணமில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி கைவிரித்தார். சந்தைப் போட்டியே நிறுவனங்களை வழிக்குக் கொண்டுவந்துவிடும் என்பது அரசின் கணக்கு. அது பாதிதான் சரி. ஆல்டோ, வேகன்ஆர் போன்ற சிறிய கார்களிலும் 2025-ல் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது, மகிழ்ச்சிதான். ஆனால் சட்டம் கேட்காமல் வந்த வசதியை, விற்பனை மந்தமாகும் ஆண்டில் ஓசையில்லாமல் எடுத்துவிடவும் முடியும். கைவிட்ட விதியை அரசு மீண்டும் கொண்டுவர வேண்டும்.

பாதுகாப்புச் சாதனங்கள் செலவுக்கு ஏற்ற பலனைத் தருமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடையும் இருக்கிறது. சீட் பெல்ட் மட்டுமே, முன் இருக்கையில் இருப்பவர் விபத்தில் இறக்கும் வாய்ப்பைச் சுமார் 45 விழுக்காடு குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் மதிப்பீடு. தலையைக் காக்கும் பக்கவாட்டு ஏர்பேக்குகள், கார் ஓட்டுநரின் பக்கம் மோதப்படும் விபத்துகளில் அவருடைய இறப்பு வாய்ப்பை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைப்பதாக அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு மையம் கண்டிருக்கிறது. நம் நாட்டுச் சான்று இன்னும் நேரடியானது. 2014-ல், கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திர மதிப்பீடு தரும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. ஐந்துக்கும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். அவற்றில் ஒன்றான போலோவை, முன்பக்கம் இரண்டு ஏர்பேக் பொருத்திச் சோதித்தபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. அதே சோதனையில் வேறு சில கார்களின் உடற்கூடே நிலைகுலைந்தது. அவற்றில் எத்தனை ஏர்பேக் வைத்தாலும் போதிய பயன் இருந்திருக்காது. ஆகவே, ஏர்பேக்குகளின் எண்ணிக்கையோடு உடற்கட்டின் உறுதியையும் சேர்த்தே சட்டம் பார்க்க வேண்டும். மோதல் சோதனையில் எடுக்கும் நட்சத்திரத்துக்குக் கட்டாயக் குறைந்தபட்ச வரம்பு இருக்க வேண்டும். 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் சோதனையோ இன்னும் நிறுவனங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது.

எதிர்ப்பவர்களின் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. சிறிய காரின் விலை ஏறினால், பைக்கிலிருந்து காருக்கு மாற நினைக்கும் குடும்பம் பைக்கிலேயே தங்கிவிடும். அது காரைவிடப் பல மடங்கு ஆபத்தானது. 2022-ல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஆனால் காரின் விலையைத் தீர்மானிப்பதில் ஏர்பேக்கைவிட வரியின் பங்கு பெரிது. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனபோது, விலை பல பத்தாயிரம் ரூபாய் இறங்கியது. உயிர் காக்கும் பாகங்களுக்கு மட்டும் வரியை மேலும் குறைத்தால், கூடுதல் செலவின் பெரும்பகுதி கரைந்துவிடும். அந்தச் செலவைத் தவிர்த்தால் அது மறைந்துபோவதும் இல்லை. அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவுக்கும் சம்பாதிப்பவரை இழந்த வீட்டுக்கும் இடம் மாறுகிறது. பாதசாரிகளும் பெருமளவில் சாகும் நாட்டில் காருக்கு ஏன் இவ்வளவு கவலை என்பாரும் உண்டு. ஏர்பேக்குக்குப் பணம் கொடுப்பவர் கார் வாங்குபவர். நடைபாதைக்கான நிதியில் ஒரு ரூபாயும் அதனால் குறையாது.

இருப்பதையே யாரும் பயன்படுத்தவில்லையே என்ற கேள்விதான் சுடுகிறது. 2022 செப்டம்பரில் மும்பை அருகே பால்கரில் நடந்த விபத்தில், விலை உயர்ந்த காரின் பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்ததாகக் கூறப்பட்ட தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் உடனிருந்தவரும் இறந்தனர். முன்னிருக்கையில் இருந்த இருவரும் பிழைத்தனர். அந்த ஆண்டு பெல்ட் அணியாமல் இறந்த 16,715 பேரில் 8,331 பேர் பயணிகள் என்கிறது அரசின் புள்ளிவிவரம். பெல்ட் அணியாதவரை ஏர்பேக் முழுமையாகக் காப்பாற்றாது. அது பெல்ட்டுக்குத் துணையாகவே வடிவமைக்கப்பட்டது. பின்னிருக்கைக்கும் பெல்ட் கட்டாயம், மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் எத்தனையோ வாடகைக் கார்களில் பெல்ட்டின் பூட்டு சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. தகுதிச் சான்று புதுப்பிக்கும்போது வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அதைக் கையால் இழுத்துப் பார்த்தால் போதும். அரசுக்குக் கூடுதல் செலவு இல்லை. வாடகைக் காரில் ஏறும் பயணியோ மடியில் இருக்கும் குழந்தையோ ஷோரூமில் நின்று எந்த மாடல் என்று தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். முதலாளி மிச்சப்படுத்த நினைத்து வாங்கிய பேஸ் மாடலில்தான் அவர்கள் போகிறார்கள். அந்த மாடலில் என்ன இருந்தே ஆக வேண்டும் என்பதை அவர்களுக்காக அரசுதான் எழுதித்தர முடியும்.